வயிற்றால் இறங்கிய விமானமும் ஜாக்கி பாயும்

முசரவாக்கத்துக்கு அப்பால் ஒரு விமானம் சக்கரம் இல்லாமல் வயிற்றால் தரையிறங்கியதாம். ஹனீஃபா அதை ஒன்பது பட்டுப்புடவையில் தூளி கட்டித் தூக்கி, தேர்ச்சக்கரம் மாட்டி, மறுபடி ஆகாயத்துக்கு அனுப்பிவைத்தாராம். காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்த தகவல் இது. டீ தீர்வதற்குள் புடவை பதினொன்றாகியிருந்தது.

எங்கள் ஊரில் வதந்தியைக்கூட ஜரிகை இல்லாமல் நெய்யமாட்டார்கள் என்பதால் புடவைக் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்ச்சக்கரம்தான் உறுத்தியது. ஒரு தேர்ச்சக்கரத்தைக் கழற்ற எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் விமானம் மக்கி மண்ணாகியிருக்கும். எதற்கும் ஒரு நடை போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

ஹனீஃபா என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜாக்கி பாய் என்றால் தெருநாயும் வழிகாட்டும். வயது ஐம்பத்தெட்டு. தொழில், வீடு தூக்குவது. வெளியூர்க்காரர்கள் பூட்டைச் சரிபார்க்க வேண்டாம். இது நேர்மையான தொழில். தேர்தலுக்குத் தேர்தல் பழைய சாலையின் தலைமேலேயே புதுச் சாலையை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். சாலை வளரும், வீடு வளராது. ஐந்தாறு தேர்தல் கண்ட தெருவில், வீட்டுக்காரர் வெளியே வர ஏற வேண்டும். மழைத்தண்ணீர் மட்டும் உள்ளே சுலபமாக இறங்கும். அப்போது ஜாக்கி பாயைக் கூப்பிடுவார்கள். அவர் சுவருக்கு அடியில் வரிசையாக நூற்றைம்பது, இருநூறு ஜாக்கி வைப்பார். தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் ட்யூபைப் பிடித்து மட்டம் பார்ப்பார். பிறகு "கால் சுத்து" என்று ஒரு குரல். ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருப்புவார்கள். வீடு ஒரு நூல் உயரும். உள்ளே அடுப்பில் சாம்பார் அதுபாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஓரிக்கையில் ஒரு வீட்டை மூன்றடி தூக்கிவிட்டு, வாசற்படி தனியாகக் கட்டப்பட்டது என்பதைக் கவனிக்காமல் விட்டவர் இவர்தான். வீடு மேலே போய்விட்டது, படி கீழேயே நின்றது. அந்த வீட்டு அம்மாள் நான்கு நாள் ஸ்டூல் வைத்து இறங்கினார்.

வருடத்துக்கு ஒருமுறை தேர் வேலையும் உண்டு. திருவிழாவுக்கு முன் தேரை ஜாக்கியில் ஏற்றி, அடியில் கட்டைகள் அண்டக்கொடுத்து, அச்சுக்கு கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு வருடம் அவர் வைத்த கட்டையை வேறொருவர், உதவி செய்கிற நினைப்பில், உருவிவிட்டார். தேருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹனீஃபாவின் இடது கால் சுண்டுவிரல் போயிற்று. அன்றிலிருந்து அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரே சட்டம்: கட்டையை யார் வைத்தாரோ அவர் கைதான் அதை எடுக்க வேண்டும்.

நான் போனபோது கதவைத் திறந்தவர் அவர் மனைவி ஷஹர்பானு. பட்டுப்புடவை விஷயத்தைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தார்.

"பட்டா? யாருப்பா சொன்னது? அது எங்க ரூம்ல கெடந்த மெத்தை. பழைய பாலியஸ்டர் புடவைல உறை தெச்சிருந்தேன், கொஞ்சம் பளபளன்னு இருக்கும். அத்த எடுத்துக்கினு போயி ஏரோப்ளேனுக்கு அண்டக்குடுத்துட்டு வந்திருக்காரு மனுஷன்."

"பாலியஸ்டர்னு எழுதிடாதீங்க சார்," என்றது உள்ளேயிருந்து ஹனீஃபாவின் குரல். "காஞ்சிபுரத்துல தல நிமிந்து நடக்க முடியாது."

"நீ எப்ப நிமிந்து நடந்த? எப்பவும் எதுக்கடியிலயாவது பூந்துக்கினு தானே இருப்ப."

ஆக, வதந்தியில் பட்டு போயிற்று. விமானம் மட்டும் மிஞ்சியது. அது உண்மை.

பெயர் சொல்ல நான் விரும்பாத ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. அதற்கென்று ஒரு சிறு ஓடுபாதை. அங்கே போன ஐப்பசியில் நான்கு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று, சக்கரங்களை மடித்து வைத்தபடியே இறங்கி, ஓடுபாதையில் உரசிக்கொண்டு போய் ஓரத்துச் சேற்றில் நின்றது. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். பயிற்சியாளர் கோதண்டபாணி, மாணவி சத்யப்ரியா. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் கலியாணசுந்தரத்தின் மகள், வயது இருபத்திரண்டு. இருவருக்கும் கீறல்கூட இல்லை. நடந்தே இறங்கினார்கள்.

அடி விழுந்தது அதற்குப் பிறகுதான். சக்கரத்தை இறக்க விமானத்தில் ஒரு கம்பி இருக்கிறது. அதை இறக்கிவிட்டேன் என்றாள் சத்யப்ரியா. அவள் அதைத் தொடவே இல்லை, உரசி நின்ற பிறகுதான் பயத்தில் இறக்கினாள் என்றார் கோதண்டபாணி. அவருக்கு முப்பது வருட அனுபவம். அவளுக்கு அன்றிலிருந்து மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. அறிக்கையில் அவர் சொன்னதே ஏறினால் மறுநாள் காலை அவள் பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான் என்று முடிவாகியிருந்தது.

விசாரணை அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்து படம் எடுத்தார். விமானத்தைத் தூக்கினால் சக்கரத்தை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றார். கிரேன் வந்தது. வழியில் இருந்த சிறு பாலத்தைப் பார்த்து, வந்த வழியே திரும்பியது. வானம் இருட்டிக்கொண்டிருந்தது. பள்ளி முதலாளி வரதராஜனின் வீட்டை நான்கு வருடங்களுக்கு முன் தூக்கியவர் ஹனீஃபா. அப்படித்தான் போன் வந்தது.

"எத்தினி டன்னு சார்?"

"ஒரு டன்கூட இல்லை பாய்."

"அதுக்கு நான் எதுக்கு? நாலு பேரு புடிச்சா வந்துடுமே."

"பிடிக்கக் கூடாது. அழுத்தினால் தகரம் நசுங்கிவிடும்."

ஹனீஃபா இருபது வருடக் கூட்டாளி தேவேந்திரனையும் இன்னும் ஆறு பேரையும் சேர்த்துக்கொண்டு, லாரி டயர் ட்யூப்கள், பலகைகள், எட்டு ஜாக்கிகள், மேற்படி மெத்தை சகிதம் போய்ச் சேர்ந்தார். விமானம் அடைகாக்கும் கோழி மாதிரி சேற்றில் உட்கார்ந்திருந்தது. முன்னால் இருந்த விசிறியின் நுனிகள் சுருண்டிருந்தன.

"பாய்," என்றார் தேவேந்திரன், "இதுக்கு வாசப்படி தனியா இருக்குதான்னு மொதல்ல பாத்துக்க."

"வாய மூடிக்கினு ட்யூப புடி."

றெக்கைகளுக்கு அடியில் காற்று இல்லாத ட்யூப்களைச் செருகி, மேலே மெத்தையையும் கோணிகளையும் மெத்தென்று பரப்பி, கம்ப்ரசரால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றடித்தார்கள். ட்யூப் உப்ப உப்ப விமானம் எழுந்தது. எழுந்த அளவுக்குப் பலகையும் ஜாக்கியும் உள்ளே போயின. "கால் சுத்து." பிறகு தண்ணீர் ட்யூபில் மட்டம். மறுபடி "கால் சுத்து." ஒன்றரை மணி நேரத்தில் விமானம் இரண்டரை அடி உயரத்தில் அசையாமல் நின்றது. சத்யப்ரியா தூரத்தில், கம்பிவேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வரக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இனி யாராவது அடியில் போய், சக்கரம் இறங்குகிற இடத்துச் சேற்றை வழித்து எடுக்க வேண்டும். தூக்கிய பொருளைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் ஹனீஃபா யாரையும் அடியில் விடமாட்டார். சுற்றி வந்தார். வலதுபக்கக் கதவு திறந்திருந்தது. தலையை உள்ளே விட்டார். கம்பி இறங்கியபடி இருந்தது. பயிற்சியாளர் உட்காரும் வலதுபக்க இருக்கைக்கு முன்னால், கதவோரமாக, முழங்கால் பக்கத்தில், கறுப்புப் பட்டன்கள் ஒரு வரிசை.

"இன்னா சார் இது? எல்லாம் உள்ள அமுங்கி இருக்குது, இது ஒண்ணு மட்டும் தலைய நீட்டிக்கினு இருக்குது."

அதிகாரி வந்து பார்த்தார். சக்கரத்தை இறக்கும் மோட்டாருக்கு அந்தப் பட்டன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது, அது வெளியே இருந்தால் கம்பியை எத்தனை முறை இறக்கினாலும் சக்கரம் வராது என்றார்.

"அப்ப இத்த யாரு இழுத்தது?"

இடதுபக்கம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மாணவிக்கு அது எட்டாது என்பதை எல்லோரும் மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தார்கள். உரசலில் தானாக வெளியே வந்திருக்கலாம் என்று வரதராஜன் மெதுவாக ஆரம்பித்தார்.

"இருக்கலாம் சார். நான் யாரையும் புடிச்சுக் குடுக்கறதுக்குக் கேக்கல," என்றார் ஹனீஃபா. "எங்க வேலைல ஒரே ரூலு. கட்டைய யாரு வச்சாங்களோ அவங்க கைதான் எடுக்கணும். இத்த இழுத்த கை எதுன்னு சொல்லுங்க, சேறு எடுத்தப்புறம் அதே கை வந்து தள்ளட்டும். யாரும் இழுக்கலன்னா அத்தயும் வாயால சொல்லிடுங்க. அதுவரிக்கும் என் ஆளு ஒருத்தன் அடில போமாட்டான்."

"மழை வருது பாய்," என்றார் வரதராஜன்.

"வரட்டும். நனைஞ்சா விரல் போவாது."

கோதண்டபாணி தம் வலது கையை, அது வேறு யாருடைய வீட்டிலிருந்தோ வந்து சேர்ந்தது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"நான்தான் இழுத்தேன். சக்கரம் வராததைக் கவனிக்கிறாளான்னு பார்க்க. எல்லா ஸ்டூடன்ட்டுக்கும் செய்வேன். அப்புறம் ஸ்பீடு ஜாஸ்தின்னு திட்ட ஆரம்பிச்சேன். திட்டின சூட்டில இழுத்ததே மறந்துபோச்சு. சக்கரம் வரலைன்னதும், கம்பியைப் போடலைன்னு நிஜமாவே நம்பிட்டேன்."

"சக்கரம் இறங்கலைன்னா அலாரம் அடிச்சிருக்குமே?" என்றார் அதிகாரி.

"அடிச்சுது. அதுக்கு மேல நான் சத்தம் போட்டுண்டிருந்தேன்."

வேலியோரத்திலிருந்து சத்யப்ரியாவின் குரல் வந்தது. "கம்பிய போட்டேன் சார். சக்கரம் எறங்கினதுக்குப் பச்சை லைட் வந்துச்சான்னு பாக்கல. அது என் மிஸ்டேக். ஆனா கம்பிய போட்டேன்."

கோதண்டபாணி அவள் பக்கம் தலையசைத்தார். சேறு வழிக்கப்பட்டது, ஆட்கள் வெளியே வந்தார்கள். அவரே குனிந்து உள்ளே கை நீட்டிப் பட்டனைத் தள்ளினார். மோட்டார் முனகியது. முன்சக்கரம் முதலில் வந்தது, பிறகு இடது. வலதுசக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. பக்கத்து ஏரிக்கரையில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். "அவ்ளோதானா?" என்று தேவேந்திரன் கேட்டதாகவும் தகவல்.

பட்டன் வெளியே இருந்ததைத் தாம் வந்தவுடனேயே கவனித்துவிட்டதாக அதிகாரி அறிக்கையில் எழுதியிருக்கிறார். எழுதட்டும். விமானம் மறுபடி பறக்கவும் இல்லை. றெக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி எங்கோ பழுதுபார்க்கப் போயிற்று. தேர்ச்சக்கரம் முழுப் பொய். கோதண்டபாணிக்கு இரண்டு மாதம் பறக்கத் தடை. சத்யப்ரியாவுக்குப் பத்து மணி நேரம் கூடுதல் பயிற்சி. தடை முடிந்து வந்த பயிற்சியாளர் இப்போதெல்லாம் எதை இழுத்தாலும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் இழுக்கிறாராம், சீட் பெல்ட் உட்பட.

மாசி மாதம் சத்யப்ரியாவுக்கு லைசென்ஸ் வந்தது. மறுநாளே ஹனீஃபா வீட்டுக்கு வந்து நின்றாள்.

"பாய், நீங்க மட்டும் அன்னிக்குப் புடிவாதம் புடிக்கலன்னா நான் இன்னிக்கு அப்பா தறில உக்காந்திருப்பேன். உங்களுக்கு ஒரு ரவுண்டு கடன்பட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம வாங்க, மேல கூட்டிட்டுப் போறேன்."

"வர்றேன்மா," என்றார் ஹனீஃபா.

முதல் ஞாயிறு அவருக்கு முழங்கால் வலி. அடுத்தது நோன்பு. பெருநாளுக்குப் பிறகு காற்று சரியில்லை என்றார். காற்றைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பிறகு தேர் வேலை வந்தது. பிறகு மாகறலில் ஒரு வீடு. கடன் வாங்கியவர் ஒளிவதைப் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் ஒளிவதை இப்போதுதான் பார்க்கிறேன். முப்பது வருடமாக ஊரையே தூக்கிக்கொண்டிருக்கும் மனிதர், தாம் தூக்கப்படுவதற்கு மட்டும் நாள் தள்ளிக்கொண்டே போகிறார்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே போன் அடித்தது. ஷஹர்பானு எடுத்தார். எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்த ஹனீஃபா, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையாட்டினார்.

"சத்யாவா? இருக்காரும்மா. நாஷ்டா துன்னுக்கினு இருக்காரு. இல்லன்னு சொல்லச் சொல்றாரு." ஹனீஃபா தலையில் கை வைத்துக்கொண்டார். ஷஹர்பானு விடவில்லை. "இதுக்கு ஒரு வழி சொல்றேன் கேளு. அவரு கடன எனக்குத் திருப்பிடு. இந்த ஞாயித்துக்கெழம நான் வர்றேன். ஜன்னலோரம் குடு."

ஹனீஃபா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

"அதெப்படி? கடன் எனக்குத்தானே? நான்தான் வாங்கணும்."

"அப்ப ஞாயித்துக்கெழம வர்றியா?"

"வாங்கிக்கறேன்னு சொன்னேன். எப்பன்னு சொன்னேனா?"

போனில் சத்யப்ரியா சிரிப்பது எனக்கே கேட்டது.