எட்டு இலங்கைத் தாள்கள்

உலகத்துக்கே ஒரே பணம் வரலாம் என்று யாராவது பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பேச்சை நான் முதலில் கேட்டது எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்து வங்கி ஒன்றில், எட்டு இலங்கை ரூபாய்த் தாள்களோடு நின்றபோது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்கு வந்த யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் எங்கள் தறியிலிருந்து அறுத்து வைத்திருந்த சேலையைக் கேட்டார். அவரிடம் இருந்த நம் ரூபாய் போதவில்லை. "மிச்சத்துக்கு எங்கட காசுதான் கிடக்கு" என்றார். வேண்டாம் என்று நான் அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தமிழும்தான் போட்டிருக்குது. போணி நேரத்துல வந்தவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதும்மா" என்று என்னிடம் சொல்லி, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாளின் முதல் வியாபாரத்தைத் தட்டுவது அவருக்குப் பாவம். நம் ரூபாய் பட்டு நூலுக்குப் போய்விடும். இந்த எட்டுத் தாளும்தான் என் ஆசிரியப் பயிற்சிக் கட்டணம். மாலைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

நானும் அப்பாவும் நேரே வங்கிக்குப் போனோம். வங்கிக் குமாஸ்தா தாளைத் தொடக்கூட இல்லை. "இது இங்க செல்லாதும்மா. மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு பர்மிஷன் வாங்கணும்." பிறகு மேசையில் கிடந்த செய்தித்தாளைத் தட்டிக் காட்டினார். "ஐரோப்பாவுல நாடுங்கள்லாம் சேர்ந்து ஒரே பணம் போடலாமான்னு பேசிக்கினு இருக்காங்க. நாளைக்கு உலகம் பூரா ஒண்ணாயிடும். அப்ப இந்தத் தொல்லை இல்ல."

"எனக்கு இன்னிக்கு சாயங்காலம் வேணும் சார்" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. பெங்களூர்ப் பட்டும் சூரத்துச் சரிகையும் எங்கள் தறியில் சேரலாம், சேலை கடல் தாண்டிப் போகலாம், அதற்குக் கொடுத்த காசு மட்டும் எங்கள் தெருவில் செல்லக் கூடாதா? யாருக்காகப் போட்ட சட்டம் இது?

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. செல்லாத பணம் வீட்டுக்கு வரக் கூடாது என்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், வழியிலிருந்த கோயில் உண்டியலில் எட்டையும் போட்டார். "சாமிக்கு எல்லா ஊர்ப் பணமும் ஒண்ணுதான்" என்றார். அப்பா மேலேயும் எனக்குக் கொதித்தது. சாமியா வந்து எனக்குக் கட்டணம் கட்டப்போகிறது?

மாதக் கடைசியில் உண்டியலைத் திறந்தார்கள்; நானும் பார்க்கப் போயிருந்தேன். எண்ண வந்தவர்களில் அதே குமாஸ்தாவும் இருந்தார். இலங்கைத் தாள்களைத் தனியே அடுக்கி, கோயில் பேருக்கு வங்கி ரசீது எழுதி, வங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப மட்டும் எப்படி சார் செல்லுது?" என்று கேட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இது கோயில் பணம்மா. அது வேற."

பயிற்சிப் பள்ளியில் என் இடத்தில் வேறொரு பெண் சேர்ந்து அன்றோடு மூன்று வாரம் ஆகியிருந்தது.