ஹாவிஸ் காட்டிய இடம்

பிரபுக்கள் காலத்து இங்கிலாந்தில், சஃபோக் பக்கத்துப் பண்ணை மாளிகை ஒன்றில் ஹாவிஸ் பால் கறந்து பிழைத்தாள். மாளிகையைச் சுற்றி அகழி. எந்த எதிரியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்ப் பிரபு வெட்டிவிட்டாராம், இந்த மாளிகைப் பிரபுவுக்கும் வேண்டுமாம். அந்த வீம்புக்கு மண் சுமந்தது ஊர்ஜனம். வருஷாவருஷம் பாசி வாருவதும் அவர்கள்தான். அந்த வருஷம் அந்த முறை அவள் புருஷன் ஆஸ்பெர்னுக்கு வந்தது.

மதியம் அவள் பாலத்துக்கு வந்தபோது, கீழே அவன் தண்ணீரில் குப்புறக் கிடந்தான்.

குதித்திருக்கலாம். இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. ஆனால் போன வருஷம் ஊர்க்காரன் தர்ஸ்டன், கிணற்றில் கிடந்த ஒரு பிணத்தை வெளியே தூக்கிப் போட்டான். விசாரணை அதிகாரி வருமுன் தொட்டதற்கு மூன்று மாதம் சிறை. எலும்பும் தோலுமாகத் திரும்பினான். முதலில் பார்த்தவர் தொடக் கூடாது, கத்தி ஊரைக் கூட்ட வேண்டும். ஹாவிஸ் கத்தினாள். ஊரே அறுவடையில் இருந்தது. வயலுக்கு ஓடினாள்.

ஆட்களோடு திரும்பியபோது ஆஸ்பெர்ன் பாலத்தடியில் இல்லை. கரையோரம் ஒரு மரவேரைப் பிடித்தபடி செத்துக் கிடந்தான். அகழித் தண்ணீர் ஆற்றுத் தண்ணீரா, ஆளை இழுத்துப் போக? அவள் பாலத்தடியையும் வேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரும் தொட்றாதீங்கடா! பட்டவன் சொல்றேன்," என்றான் தர்ஸ்டன்.

"கைய மட்டும் வேர்லேந்து எடுத்து விடட்டுமாண்ணே?" என்றாள் ஹாவிஸ்.

"வேணாம்மா. பாவந்தான். ஆனா வேணாம்."

இரண்டு நாள் காக்கை ஓட்டியபடி கரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அதிகாரி குதிரையில் வந்தார்.

"நீதான மொதல்ல பாத்தவ? எங்க கெடந்தான்?"

ஹாவிஸ் வேரைக் காட்டினாள். "இங்கதாங்கய்யா. இதே மாதிரி."

"அப்பவே உசுரு இல்லையா?"

"இல்லீங்கய்யா."

தவறி விழுந்த சாவு என்று எழுதிக்கொண்டு போனார். "நீ பாக்கும்போதே போயிருச்சு, நீ என்னம்மா பண்ணுவ?" என்று ஊர் தேற்றியது. அவள் தலையாட்டினாள். இருபத்தாறு வருஷம் அதே பாலத்தில் பால் சுமந்தாள்.

சாகக் கிடக்கையில், அக்கம்பக்கத்தார் சுற்றி நிற்க, பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அதிகாரிகிட்ட பொய் சொன்னது பாவந்தான். கடவுள் மன்னிப்பார்மா."

"பொய்ய விடுங்க சாமி," என்றாள் ஹாவிஸ். "நான் வயலுக்கு ஓடினேனே, அதுக்குச் சொல்லுங்க."