நல்ல வாக்குச் சொல்லாத பேனாட்

ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பேனாட்டைத் தெரிந்த எவரும் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வாக்கை எதிர்பார்த்ததில்லை. மழை வருமா என்று கேட்டால் வெள்ளமே வரும் என்பார். கார் றைவிங் ரெஸ்ற்றுக்குப் போகிற பிள்ளையை எலிவேற்றரில் கண்டால், "பெயில் விடுவான், பயப்பிடாத" என்று தைரியம் சொல்லி அனுப்புவார். இந்த மாதத்தோடு தன்னை வேலையால் நிற்பாட்டப் போகிறார்கள் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டு, ஒருநாளும் பிந்தாமல் வேலைக்குப் போய்வந்தார். புதிதாகக் குடிவந்தவர்கள் கரிநாக்குக்காரன் என்று ஒதுங்கிப் போனார்கள். பழகியவர்களுக்குத்தான் சங்கதி தெரியும்.

அவர் பிறந்த யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடலுக்குப் போகிறவர்கள் வள்ளம் தள்ளும்போது, இன்றைக்கு மீன் நல்லாய்ப் படும் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் நாவூறு பட்டு வலை வெறுமையாக வரும். மற்றவர்கள் அந்தப் பயத்தைக் கடற்கரையோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். பேனாட்டும் ஒருகாலம் அப்படித்தான் இருந்தார். கலியாணம் கட்டி இரண்டாம் வருடம் மனைவி அருள்மலர் நிறைமாதமாக இருந்தபோது, பெடியன்தான், பெயரும் வைத்தாயிற்று என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். பெடியன்தான் பிறந்தான். அழவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை, பேனாட்டின் வாயில் நல்ல வாக்கும் இல்லை.

ஆகவே அவர் கெட்டதைச் சொன்னால், நல்லதை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அருள்மலர் இந்தப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினாள். கறி வாயில் வைக்க ஏலாது என்று அவர் சொன்னால் இன்னும் ஒரு அகப்பை போடுவாள். அவர் மறுக்காமல் சாப்பிடுவார்.

அவர் கனடாவுக்கு வந்தது எண்பத்தாறில். முதலில் கிடைத்த வேலை, ஐஸ் ஹொக்கி விளையாடுகிற மண்டபம் ஒன்றில் பார்வையாளர் இருக்கிற வாங்குகளுக்குக் கீழே கூட்டித் துடைப்பது. காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு கையில் தடியோடு ஓடுகிற மனிதர்களை முதல்நாள் கண்டபோது, இதென்ன சண்டை, பொலிசைக் கூப்பிட வேண்டாமா என்று நினைத்தாராம். ஆறு மாதத்தில் அந்தக் கறுப்பு வட்டு எங்கே போகும் என்று தடி படுவதற்கு முன்னரே சொல்லப் பழகிவிட்டார். மூன்று வருடம் கழித்து அருள்மலர் வந்து சேர்ந்தபோது, அப்பாட்மென்ற்றில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கிக் குழுவின் நீலக் கொடி தொங்கியது. கும்பிடும்போது எதைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்குக் கொஞ்சநாள் சந்தேகமாகவே இருந்தது. இங்கிலிஷ் பேசப் பழகிவிட்டீர்களா என்று கேட்டாள். "எனக்கெங்க இங்கிலிஷ் வரும்" என்றார் பேனாட். அவள் நம்பினாள். திறப்பைக் கையில் வைத்திருந்தவள் அந்த ஒரு பூட்டை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

லீஃப்ஸ் பிளேஓஃபுக்கு, அதாவது கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளுக்கு, போகிற வருடங்களில், முதற்சுற்று தொடங்குவதற்கு முந்திய நாள் அவர்கள் வீட்டில் ஒரு கூட்டம் நடக்கும். கூட்டம் என்றால் மூன்றே பேர். பேனாட், வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற றவூப், ராக்சி ஓடுகிற ஸ்ரீதரன். றவூப் எப்போதும் வெல்லும் என்கிற கட்சி. ஸ்ரீதரன் நீதவான் மாதிரி இரண்டு பக்கத்தையும் எடை போட்டுவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் தேத்தண்ணி குடிப்பான். கடைசியில் பேனாட் வாயைத் திறப்பார். "தோப்பாங்கள். நாலு மட்சில மூட்டை கட்டுவாங்கள்." அதைக் கேட்ட பிறகுதான் மற்ற இருவருக்கும் மனம் ஆறும். சில வருடங்களில் அவர் சொன்னபடியே தோற்றும் போனார்கள். அதற்கு அவர் என்ன செய்வார்? நாவூறு படாமல் காப்பதுதான் அவர் வேலை, கோல் அடிப்பது அவர் வேலையில்லை.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு மாசியில் பேனாட்டின் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க ஸ்ரீதரன் ராக்சியை நிறுத்திவிட்டுக் கூடப்போனான். டொக்டர் நிறைய நேரம் மெதுவாகப் பேசினார். குடலில் புண், மருந்து எடுத்தால் மாறிவிடும் என்று ஸ்ரீதரன் பேனாட்டுக்குச் சொன்னான். பிறகு அருள்மலரை வெளியே கோப்பி மெஷினடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஈரலில் கான்சர், கோடையைக் காணமாட்டார் என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான். அவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. நம்மவர் வழக்கம் அது. நோய் இன்னதென்று ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. அன்பென்று நினைத்துத்தான் செய்கிறோம். சாகப்போகிறவனைத் தனியே விட்டுவிடுகிறோம் என்பது அப்போது தோன்றுவதில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே பேனாட், "நான் தப்பமாட்டன்" என்றார். பிறகு தினமும் சொன்னார். மருந்து குடிக்கும்போது சொன்னார், கஞ்சி குடிக்கும்போது சொன்னார். இன்னொரு பெண்ணென்றால் நெஞ்சு வெடித்திருக்கும். அருள்மலருக்கோ, தான் சாகப்போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் நிம்மதியாக இருந்தது. கெட்டதைச் சொல்கிறார் என்றால் உள்ளே நம்பிக்கை இருக்கிறது. அவருக்கு நோய் தெரியாது.

ஒன்றுதான் அவளை அரித்தது. பாதரைக் கூப்பிட்டு, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தையைப் பூச வேண்டும். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, நன்மையென்ற நற்கருணையும் கொடுத்து அனுப்பாமல் விட்டால் அவர் ஆன்மாவுக்கு அவள்தான் பொறுப்பு. ஆனால் எண்ணெய்ச் சிமிழோடு பாதர் வாசலில் வந்து நின்றால், குருநகரில் பிறந்தவனுக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? தவக்காலம் முழுக்கத் தள்ளிப்போட்டாள். உயிர்த்த ஞாயிறும் போயிற்று. பேனாட் தான் சாய்ந்திருக்கும் செற்றியின் ஒரு மூலைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கிவிட்டார். அவள் ரெலிபோனை எடுப்பாள், இரண்டு இலக்கம் அமத்துவாள், வைத்துவிடுவாள்.

அந்த வருடம் லீஃப்ஸ் ஆடியதுபோல் பேனாட் வந்த காலம் தொட்டு ஆடியதில்லை. முதற்சுற்றில் எதிரி டிட்ரோயிட். ஐந்து வருடத்துக்கு முன்னர் இதே சுற்றில் இவர்களை வீட்டுக்கு அனுப்பியவர்கள். ஏழு மட்சில் நாலை முதலில் எடுப்பவர் மேலே போவார். தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் றவூப்பும் ஸ்ரீதரனும் வந்தார்கள். வராமல் விட்டால் பேனாட்டுக்குச் சந்தேகம் வரும் என்று அருள்மலர்தான் சொல்லியிருந்தாள். றவூப்புக்காக மீன் கட்லற் பொரித்தாள்.

குசினியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். கோலில் நிற்கிற பெடியன் இளங்கன்று, பயம் அறியாதவன் என்று றவூப் தொடங்கினான். டிட்ரோயிட்காரர் கோல் அடிக்கிற வேகத்துக்கு இளங்கன்று தாங்குமா என்று ஸ்ரீதரன் கேட்டான். முதல் இரண்டு மட்சும் அவங்கள் ஊரில், அதில் ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றான். புதுக் கோச் கண்டிப்பானவர், தடுத்தாட்டம் பழக்கியிருக்கிறார் என்றான் றவூப். இரண்டு பேரும் வழமையைவிடச் சத்தமாகப் பேசினார்கள். சத்தத்தில் அழுகை வெளியே வராது என்று நினைத்தார்களோ என்னவோ. கடைசியில் பேச்சு ஓய்ந்தது. இருவரும் செற்றி மூலையைப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணை, என்ன சொல்லுறியள்?" என்றான் றவூப்.

பேனாட் கையை ஊன்றி நிமிர்ந்து இருந்தார்.

"வெல்லுவாங்கள்."

றவூப் பகிடியென்று நினைத்துச் சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்தினான்.

"உண்மையாத்தான் சொல்லுறன். கஷ்டப்பட்டு வெல்லுவாங்கள்" என்றார் பேனாட்.

குசினியில் கட்லற் கருகியது. அருள்மலர் அடுப்பை நிற்பாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நல்லதைச் சொல்லிவிட்டார். இத்தனை வருடமாகப் பூட்டி வைத்திருந்ததைத் தானாகவே திறந்துவிட்டார். வந்தவர்கள் கருகிய கட்லற்றைச் சாப்பிட்டு, நல்லாயிருக்கு அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் காலடியில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஏன் அப்பிடிச் சொன்னியள்?"

"இனி ஒளிச்சு வைக்க என்னட்ட என்ன இருக்கு, மலர்?"

நோய் இன்னதென்று எப்போது தெரியும் என்று கேட்டாள். டொக்டர் சொன்னபோதே தெரியும் என்றார். ஏழு வருடம் வெள்ளைக்காரரோடு வேலை செய்கிறவனுக்கு அந்த நாலு வசனம் விளங்காதா? ஸ்ரீதரன் பொய்யை மொழிபெயர்த்தபோது அவன் சுவரைப் பார்த்துப் பேசியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம்.

"இங்கிலிஷ் வராதெண்டு சொன்னியள்."

"வருமெண்டு சொன்னா நாவூறு படாதோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. அப்படியென்றால் தினமும் சாகப்போறன், சாகப்போறன் என்று சொன்னது ஏன் என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"நான் அப்பிடிச் சொன்னாத்தானே நீ நித்திரை கொள்ளுவாய்."

அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அவருக்குத் தெரியக்கூடாதென்று அவளும், தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக்கூடாதென்று அவரும் ஒரு கூரையின் கீழ் நடித்திருக்கிறார்கள். அந்த இரண்டு மாதத்தை இனி யார் திருப்பித் தருவார்கள்?

"நீ ரெலிபோனை எடுக்கிறதும் வைக்கிறதுமா நிக்கிறாய், எவ்வளவு நாளுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறது? பாதரைக் கூப்பிடு. மட்ச் தொடங்க முதல் வரச்சொல்லு" என்றார் பேனாட். பிறகு அவள் தலையில் கையை வைத்து, "நீ நல்லா இருப்பாய், மலர்" என்றார்.

அவள் பதறிப்போய் அவர் வாயைக் கையால் பொத்தினாள். அவர் அவளுடைய கையை எடுத்துவிட்டு மீண்டும் ஒருமுறை சொன்னார்.

அடுத்தநாள் பின்னேரம் பாதர் வந்து அவஸ்தை பூசினார். நெற்றியில் எண்ணெய் மினுங்க, நீலக் கொடியைப் போர்த்துக்கொண்டு பேனாட் முதல் மட்சைப் பார்த்தார். லீஃப்ஸ் மோசமாகத் தோற்றது. இரண்டாவதில் அதைவிட மோசம். இதற்குத்தான் நான் நல்லது சொல்லுறதில்லை என்று பேனாட் சிரித்தார். அருள்மலருக்குச் சிரிக்க வரவில்லை. அவர் சொன்ன நல்ல வாக்கு இரண்டே இரண்டு. ஒன்று பொய்த்தால் மற்றது என்ன கதி?

இரண்டாவது மட்சுக்கு அடுத்தநாள் விடிய, அவள் கையைப் பிடித்தபடியே பேனாட் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு றவூப்பும் ஸ்ரீதரனும் ஒருநாளும் தவறாமல் வந்து இருந்துவிட்டுப் போனார்கள். இழவு வீடு என்பதால் ரீவி மூடிக்கிடந்தது. லீஃப்ஸ் மூன்று மட்சை எடுத்து, ஆறாவதைக் கொடுத்து, எல்லாம் ஏழாவதில் வந்து நின்றது ஊருக்கே தெரியும். அந்த வீட்டில் மட்டும் ஒருவரும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. ஏழாவது மட்ச் நடக்கிற சனிக்கிழமை பின்னேரம் இருவரும் குனிந்த தலையோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, அருள்மலர் எழுந்துபோய் ரீவியின் மேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்தாள்.

"வேண்டாம் அக்கா, செத்தவீட்டில" என்றான் ஸ்ரீதரன்.

அவள் ரீவியைப் போட்டாள். வெல்வார்களா என்று கேட்டாள். சொல்ல ஏலாது என்றான் ஸ்ரீதரன். எப்போதும் வெல்லும் கட்சிக்காரனான றவூப் வாயைத் திறக்கவேயில்லை. செற்றி மூலை வெறுமையாக இருந்தது. அங்கிருந்து வரவேண்டிய வார்த்தை வராமல் மட்சைத் தொடங்க முடியாது என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

"தோப்பாங்கள்" என்றாள் அருள்மலர். "மூட்டை கட்டுவாங்கள்."

றவூப் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு குலுங்கினான்.

மட்ச் சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போயிற்று. லீஃப்ஸ்காரன் ஒருவனின் தடியில் பட்டு வட்டு டிட்ரோயிட்டின் வலைக்குள் விழுந்தபோது பக்கத்து அப்பாட்மென்ற்றில் யாரோ கதவை அடித்துக் கத்தினார்கள். கீழே பார்லிமென்ற் வீதி முழுக்கக் கார்கள் ஹோர்ன் அடித்தன. அந்த வீட்டில் மட்டும் மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். அடக்கத்தன்றுகூட அவ்வளவாக அழாத அருள்மலர், செற்றி மூலையைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"சொன்னது பலிச்சுதப்பா" என்றாள். "ஒண்டு பலிச்சுது."

மற்றது என்ன என்று றவூப்பும் ஸ்ரீதரனும் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. சொன்னால் நாவூறு படும்.