மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தேன்

எங்கள் வீட்டில் வாசலிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே "யாரு?" என்று கேட்டுவிட மாட்டோம். மூன்று முறை கூப்பிட வேண்டும். மனுஷனாக இருந்தால் மூன்று முறை கூப்பிடுவான், காத்து கருப்பாக இருந்தால் ஒரு முறையோடு நின்றுவிடும், அதற்குப் பதில் சொன்னவர்கள் படுத்த படுக்கையாகிவிடுவார்கள் என்பது செங்கல்பட்டுக்குத் தெற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சு. உச்சி வேளையாக இருந்தால் இன்னும் மோசம். நான் பி.காம். முடித்தவள், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். இந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பேன். ஆனால் எழுந்துபோய்க் கதவைத் திறப்பதற்கு மட்டும் எனக்கு மூன்றாவது குரல் வர வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு விடுதியில் ரிசப்ஷன் வேலையில் இருந்தேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. காலையில் பஸ் பிடித்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க அசைந்துகொண்டிருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். வெளியூர்க்காரர்களுக்கு அது காட்சி. எனக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரிதான் எப்போதும் இருந்தது.

அந்தக் கார்த்திகையில் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்து தங்கினார்கள். ஒருவர் தோல் தொழிற்சாலை முதலாளி. ஒருவர் அடுக்குமாடி கட்டி விற்பவர். மூன்றாமவர் என்ன செய்தார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. பணக்காரராக இருந்தார், அவ்வளவுதான். கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் கோயில்களைத் தேடி வந்திருந்தார்கள். கரைக்குப் பக்கத்தில் தேடிப் பயனில்லை, ஆழத்தில்தான் கோபுரமே இருக்கிறது என்று ஒரு வரைபடத்தை என் மேஜைமேல் விரித்துக் காட்டினார் முதலாளி. ரப்பர் உடுப்பு, காற்று அடைத்த உருளைகள், தண்ணீருக்குள் எரியும் விளக்கு என்று இரண்டு அறை நிறையச் சாமான்.

படகு, பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர் ஒருவருடையது. எங்கள் சமையலறைக்கு மீன் கொண்டுவருகிறவர்தான். மணல் காலோடு முன்வாசலில் வரக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு, அதனால் பக்கவாட்டுக் கதவருகே நின்று "யக்கா" என்பார். ஒரே ஒரு தடவை. நான் போனில் இருந்தால் பத்து நிமிஷம்கூட அப்படியே நிற்பார், இன்னொரு முறை கூப்பிட மாட்டார்.

"இன்னொரு வாட்டி கூப்பிட்டா வாய் தேஞ்சிடுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதான் கூப்ட்டேனே," என்றார், அதற்குமேல் என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு.

படகிலிருந்து பேச ஒரு வயர்லெஸ் செட்டை முதலாளி என் மேஜையில் வைத்தார். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். "எந்த அவசரமா இருந்தாலும் மூணு முறை கூப்பிடுவோம். கடல்ல அதுதான் முறை. உடனே இந்தப் பொத்தானை அமுக்கிப் பதில் சொல்லும்மா," என்றார். எங்கள் வீட்டு முறையும் அதுதான் என்று சொல்லிச் சிரித்தேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தச் செட்டு எனக்குப் பிடிக்கவே இல்லை. நாள் முழுக்க சாரல் விழுகிற மாதிரி இரைச்சல். நடுநடுவே எங்கிருந்தோ தெலுங்கில் ஒரு ஆள் எதையோ எண்ணிக்கொண்டே போவான். ஒரு தடவை பச்சைக் குழந்தை அழுதது. நடுக்கடலில் குழந்தைக்கு என்ன வேலை? ஏதாவது துறைமுகத்துப் பேச்சு காற்றில் வந்திருக்கும் என்றார் மேனேஜர். நான் செட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

நாலு நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்த ஒரு காலையில் அவர்கள் கிளம்பினார்கள். குப்பத்தில் அன்றைக்கு யாருமே கடலுக்குப் போகவில்லை. அலையே இல்லாமல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது தண்ணீர். படகுக்காரர் குடிதண்ணீர் கேன் வாங்கிக்கொள்ள வந்தார்.

"தண்ணி சரியில்ல யக்கா. கலரு மாறிக்கினு கீது."

"அப்புறம் ஏன் போற?"

"நான் வரலன்னா அவுங்களே ஓட்டிக்கினு பூடுவாங்க. வழி தெரியாது. அப்பால நாமதான் போய்த் தேடணும்." சொல்லிவிட்டுக் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

நடுப்பகல். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் போயிற்று, விசிறி நின்றது. செட்டு மட்டும் பேட்டரியில் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அந்த இரைச்சலும் நின்றது. வழக்கமாகச் சமையலறைப் பின்பக்கம் கத்தும் காக்கைகளின் சத்தம்கூட இல்லை.

"யக்கா."

உரக்கக் கூப்பிடவில்லை. பக்கவாட்டுக் கதவருகே நின்று கூப்பிடுகிற அதே குரல், அதே அளவு. நான் கதவைத்தான் பார்த்தேன். வெயில் விழுந்த சிமெண்டுத் தரை வெறுமையாக இருந்தது. அதற்கப்புறம்தான் செட்டின் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். உச்சி வேளை, ஆளில்லாத இடம், ஒற்றைக் குரல்.

என் கை பொத்தான் வரை போனது. அமுக்கி "சொல்லுப்பா" என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அமுக்கவில்லை. இரண்டாவது குரல் வரட்டும் என்று இருந்தேன். இரைச்சல் திரும்பி வந்தது. மூன்றாவது வரட்டும் என்று இருந்தேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அப்புறம் டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. சாப்பிட்டேன்.

சாயங்காலம் படகு வரவில்லை. மேனேஜர் இருட்டும்வரை பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். பகலில் செட்டில் ஏதாவது கூப்பிட்டார்களா என்று கேட்டதற்கு, மூன்று முறை யாரும் கூப்பிடவில்லை என்றேன். அது உண்மைதானே? அவர் அதை "யாருமே கூப்பிடவில்லை" என்கிற மாதிரி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஹெலிகாப்டர் வந்தது. கப்பல் வந்தது. அதற்கு மறுநாள் ஊரே இரண்டாகப் பிரிந்தது. பஸ்ஸில், டீக்கடையில், என் கணவருடைய ஆபீஸ் கேண்டீனில் எங்கும் இதே வழக்கு. பொழுதுபோக்குக்கு உயிரைப் பணயம் வைத்தவர்களைத் தேட ஊர்ப் பணமா என்று ஒரு பக்கம். உயிர் என்றால் எல்லாம் ஒன்றுதான், பணக்காரன் உயிர் மட்டும் மட்டமா என்று இன்னொரு பக்கம். போன வருஷம் கட்டுமரத்தில் போன ரெண்டு பேரைக் காணோமே, அப்போது இந்த ஹெலிகாப்டர் எங்கே போயிருந்தது என்று பஸ்ஸில் ஒரு பெரியவர் கேட்டார். கேட்டது நியாயம்.

அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட உரக்கப் பேசியவள் நான்தான். "கொழுப்பெடுத்துப் போனவங்களுக்கு ஹெலிகாப்டர் ஒரு கேடா? கடல் வா வான்னு கூப்பிட்டுதா? தானா போனாங்க, தானா வரட்டும்." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வீட்டிலும் அதையே பேசினேன். எறும்பு சாகக்கூட மனசு பொறுக்காத நீயா இப்படிப் பேசுகிறாய் என்றார் கணவர். அவரிடமும் எரிந்து விழுந்தேன். காரணம் எனக்குத் தெரியும். அவர்களைக் காப்பாற்ற வேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டால், நான் பொத்தானை அமுக்காதது ஒரு பெரிய விஷயமில்லை. நான் பேசிய அத்தனை நியாயத்துக்கும் அடியில் அந்த ஒரு பயம்தான் கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லா வழக்கிலும் மூன்று பேர், மூன்று பேர் என்றே பேச்சு. படகில் நாலு பேர் போனார்கள். நானும் மூன்று பேர் என்றே பேசினேன், நாலாவது ஆளின் குரல் காதிலேயே இருந்தும்.

மூன்றாம் நாள் காலை வேலைக்கு வந்தவள், உள்ளே போகாமல் கரைக்கு நடந்தேன். மணலில் வலைகள் குவியல் குவியலாகக் கிடந்தன. வீட்டுக்கு ஒரு படகாகக் குப்பமே கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு படகிலும் வலை இல்லை. ஆளைக் காணோம் என்றால் கிடைக்கும்வரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது, தேடப் போகிற படகில் வலை ஏறக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. மூன்று நாளாக இப்படித்தானாம். எங்கள் சமையலறைக்கு மீன் வராதது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படகைத் தள்ளிக்கொண்டிருந்த ஒருவரிடம், "அந்தப் பணக்காரங்களையும் சேர்த்தா தேடறீங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"வுழுந்தவன் யாரு இன்னான்னு கரைக்கு வந்தப்பால கேட்டுக்கலாம். கொஞ்சம் நவுரு," என்றார்.

அன்று சாயங்காலம் குப்பத்துப் படகு ஒன்றுதான் அவர்களைக் கண்டுபிடித்தது. தெற்கே வெகுதூரத்தில், கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். மூன்று பேர். "மூவரும் உயிருடன் மீட்பு" என்று பேப்பரில் பெரிதாக வந்தது. படகோட்டி ஒருவரைக் காணவில்லை என்பது கடைசி வரி. ஊர் வழக்கு ஒரே நாளில் ஓய்ந்தது. மறுநாள் பஸ்ஸில் வேறு பேச்சு. வலைகள் மட்டும் இன்னும் சில நாள் மணலிலேயே கிடந்தன.

பதினைந்து நாள் கழித்து அவர் மனைவி வந்தாள். பக்கவாட்டுக் கதவருகே, அவர் நிற்கும் அதே இடத்தில் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து போய்விட்டேன்.

"ஒண்ணு கேக்கணும் யக்கா. தப்பா நெனச்சுக்காத. அந்த மொதலாளி சாரு வூட்டுக்கு வந்து சொன்னாரு. எஞ்சின் நின்னு தண்ணி ஏறும்போது இவரு பேசற மிஷின வாங்கி ஒன்னத்தான் கூப்ட்டாராம். மூணு தபா கூப்புடுன்னு சாரு கத்தினாராம். யக்காவுக்கு ஒரு தபா போதும்னுட்டு இவரு தண்ணி எறைக்கப் பூட்டாராம். அதுக்குள்ள மிஷின் தண்ணில பூட்ச்சாம்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுச்சா யக்கா?"

"இல்லம்மா," என்றேன். "செட்டு ரிப்பேரு. ஒண்ணுமே கேக்கல."

அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. "நான் அப்பவே சொன்னேன், கேட்டிருந்தா யக்கா வுட்டிருக்காதுன்னு," என்றாள். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். அடுத்த மாதமே நான் வேலையை விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே கடல் சத்தம் கிடையாது, மின்சார ரயில் சத்தம்தான். இப்போதெல்லாம் முதல் குரலுக்கே பதில் சொல்லிவிடுவேன். பழைய பேப்பர்காரன், சிலிண்டர்காரன், யார் கூப்பிட்டாலும் "இதோ வரேன்" என்று ஓடுவேன். எதற்கு இப்படிப் பறக்கிறாய் என்று கணவர் திட்டுவார்.

கரண்ட் போன சில பகல்களில், விசிறி நின்றபின், கேட் பக்கமிருந்து அந்தக் குரல் வரும். உரக்க இருக்காது. ஒரே ஒரு தடவைதான். கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்க் கேட்டைத் திறப்பேன். தெருவில் வெயில் மட்டும் இருக்கும். பயம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. அவர் மனைவி வந்து கேட்டபோது வராத வார்த்தை அங்கே மட்டும் வாயில் வந்துவிடுகிறது.

"கேட்டுச்சுப்பா," என்பேன். "அன்னிக்கே கேட்டுச்சு."