அசையாமல் இருங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்திருந்த பழனிவேலை ஊர் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தேடி வந்தது. கல்யாணம், காதுகுத்து என்றால் கிரேன் கேமரா வைத்திருக்கும் பெரிய ஆட்களிடம் போவார்கள். சாவு விழுந்தால்தான் பழனிவேலுக்கு போன் வரும். கூப்பிட்ட நேரத்துக்கு வருவான், அநாவசியமாக வாயைத் திறக்க மாட்டான். செத்தவரின் மூடிய கண்ணைக் கம்ப்யூட்டரில் திறந்து, உயிரோடு உட்கார்ந்திருப்பவர் மாதிரியே செய்து கொடுப்பான். அதில் அவனை அடிச்சுக்க ஆளில்லை.

அந்தப் பேர்தான் அவனுக்கு வினையாகவும் முடிந்தது. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில் காபி கொடுப்பதற்கு முன்பே, "சாவு வூட்டுல படம் எடுக்கறவருதானே?" என்று கேட்டுவிட்டார்கள். முப்பத்தாறு வயதில் அவனுக்கு இருந்த ஆசை பெரிய ஆசை ஒன்றுமில்லை. பார்த்தவர்கள், "யாருய்யா எடுத்தது?" என்று கேட்கிற மாதிரி ஒரு படம். பிணம் இல்லாத படம்.

வழி காட்டினவன் அவனுடைய அத்தை மகன் இளவரசு. அண்ணாமலை நகரில் லாட்ஜில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கம்ப்யூட்டரில் வெளிநாட்டுப் படங்கள் சிலதைக் காட்டினான். இருண்ட மண்டபத்துக்குள் தூணின் வெடிப்பு தெரிந்தது, அதே படத்தில் வாசலுக்கு வெளியே மேகமும் தெரிந்தது. பழனிவேலுக்கு நம்ப முடியவில்லை. உள்ளே தெரிந்தால் வெளியே வெளுத்துப்போகும், வெளியே தெரிந்தால் உள்ளே கரியாகும். இருபது வருஷமாக அவன் கண்ட கேமரா அப்படித்தான்.

"எச்.டி.ஆர்.னு பேரு மச்சான். ஸ்டாண்டுல கேமராவ வெச்சி ஒரே எடத்த மூணு தடவ எடுக்கணும். ஒன்னு இருட்டா, ஒன்னு நடுவாந்தரமா, ஒன்னு நல்ல வெளிச்சமா. மூணையும் கம்ப்யூட்டர்ல சேத்தா எல்லாமே தெரியும்," என்றான் இளவரசு.

மறுநாளே பழனிவேல் சிதம்பரத்தில் கீழக் கோபுரத்துக்கு எதிரே ஸ்டாண்டை விரித்துவிட்டான். கோபுரம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனால் வானம் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த வேட்டிபோல இருந்தது. தெருவில் நின்ற மாட்டுக்கு மூன்று தலை. பூக்காரம்மாவுக்குக் கூடை இருந்தது, கை இல்லை. கடலூர் துறைமுகத்துக்குப் போய் எடுத்ததில் படகெல்லாம் புகையாகக் கரைந்திருந்தது. இளவரசு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மூணு தடவ எடுக்கறதுக்குள்ள எது அசைஞ்சாலும் பேய் மாதிரிதான் வுழும். அசையாததா பாத்து எடு மச்சான்."

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், அந்த டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்து மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. கடலூரில் கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் தங்கராசு என்பவர், தாத்தா காலத்து முந்திரித் தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டதைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். நாலாம் நாள் விடியும்போது உயிர் இல்லை.

தங்கராசுவின் மச்சினர் பொன்னுரங்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்தார்.

"தம்பி, என் தங்கச்சி அமிர்தமும் அவுரும் சேந்து எடுத்த படம் ஒன்னுகூட மிச்சமில்ல. கூரை பிச்சிக்கினு போனதுல கல்யாணப் படம் ஊறி உரிஞ்சிப் போச்சி. தூக்கறதுக்குள்ள அவுரு பக்கத்துல அவள உக்கார வெச்சி ஒன்னு எடுக்கணும். பூவும் பொட்டுமா அது இருக்கறது இன்னமே கெடையாது இல்லியா."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. புருஷன் பிணத்துக்கு அருகே, பெண்சாதியைப் புதுப்பெண்போல அலங்கரித்து உட்கார வைப்பார்கள். பழனிவேல் அப்படி எத்தனையோ எடுத்திருக்கிறான். ஒரு ப்ளாஷ், ஒரு கிளிக், வேலை முடிந்தது.

அன்றைக்கு மட்டும் அவன் புத்தி அங்கே நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தான். பிய்ந்த கூரைக்கு மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள்; கரண்டும் இல்லாத இருட்டு. தாடையைக் கட்டி நாற்காலியில் உட்கார வைத்த தங்கராசு, பக்கத்தில் தலை நிறையப் பூவோடு அமிர்தம். அவர்களுக்குப் பின்னால், கதவு பிய்ந்து போன வாசல் வழியாக, வெயிலில் சாய்ந்து கிடந்த முந்திரித் தோப்பு முழுவதும் தெரிந்தது. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். இளவரசு காட்டிய படம் மாதிரியே இருந்தது. சாவு வீட்டு நடுவில் நின்றுகொண்டு பழனிவேல் சந்தோஷப்பட்டான். சொல்லவே கூசுகிறது, ஆனால் பட்டான்.

ப்ளாஷைப் பையை விட்டு எடுக்கவில்லை. ஸ்டாண்டை விரித்தான்.

"கொஞ்ச நேரம் அசையாம இருங்கம்மா," என்றான். அமிர்தம் தேம்பினாள். "அசையாம இருங்கம்மா," என்றான் மறுபடியும்.

"எழவு வூட்டுல அழாம இருக்கச் சொல்றான் பாரு," என்று ஒரு கிழவி முனகினாள். மூன்று முறை ஷட்டர் திறந்து மூடியது. கேமராத் திரையில் வானம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். பறையடி சத்தத்தில் பிணத்தை எடுத்துப் போனார்கள்.

கடைக்குக் கரண்ட் வந்தபோது தங்கராசுவின் கருமாதியே முடிந்திருந்தது. மூன்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்தான். வானம் இருந்தது. சாய்ந்த மரங்கள் இலை இலையாகத் தெரிந்தன. தங்கராசுவின் மீசை நரை எண்ணிவிடலாம்போல இருந்தது. அமிர்தம் இருந்த இடத்தில் பூவும் புடவையும், நடுவே ஒரு புகையும் இருந்தன.

பதறிப்போய்த் தனித்தனியாகத் திறந்தான். இருட்டாக எடுத்ததில் முகங்களே இல்லை. நடுவாந்தரத்தில் அவள் புருஷன் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். வெளிச்சமாக எடுத்ததில் நிமிர்ந்திருந்தாள். ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்ததில் அந்த முகமும் வழிந்து போயிருந்தது. செத்தவருக்குக் கண் திறக்கத் தெரிந்தவன், உயிரோடு இருந்தவளை அழித்துவிட்டான்.

பொன்னுரங்கத்துக்குப் போன் செய்து, "அம்மாவ ஒரு தடவ கூட்டியாங்க. மொகம் மட்டும் எடுத்து ஒட்டிடலாம்," என்றான்.

அவர்கள் வந்தார்கள். அமிர்தம் வெறும் கழுத்தும் வெறும் நெற்றியுமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். கெட்டுப்போன படத்தைக் காட்டும்படி கேட்டு, வெகுநேரம் பார்த்தாள்.

"பொட்டு?" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல வெச்சிடுவேன்மா."

தலையாட்டினாள். பழனிவேலுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தப்பு என்னுதும்மா. பையிலியே ப்ளாஷ் இருந்துது. ஒரே தடவையில எடுத்திருக்கலாம். நான்தான் என்னமோ புதுசா எடுக்கறேன்னு..."

"அதெல்லாம் எனக்கு என்னாப்பா தெரியும்," என்றாள் அமிர்தம். "அசையாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்ன. அவுரு அசையல. நான்தான் அசைஞ்சிட்டேன்."

அவன் ப்ளாஷை மாட்டினான். "இங்க பாருங்கம்மா," என்றான். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு வெளிச்சம், ஒரு கிளிக்.

"எடுத்தாச்சிம்மா."

அவள் அப்படியே இருந்தாள்.

"எடுத்தாச்சாம், எழுந்திரும்மா," என்றார் பொன்னுரங்கம்.

கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடையில் சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அமிர்தம் கையைத் தூக்கவில்லை.