பன்றிக்குழியில் ஆனைக்குட்டி

ஆனை என்றாலே எனக்கு இன்றைக்கும் முதலில் கோபம்தான் வரும், அழுகை பிறகு. ஆனை மேல் இல்லை, சர்க்கார் மேல். மகாராஜா காலத்துக் காட்டு நியாயம் அப்படி இருந்தது. புலியைச் சுட்டுக் கொண்டுபோனால் பரிசு. பன்றியைக் கொன்றால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். ஆனை மட்டும் அரண்மனைச் சொத்து, அது செத்தால் ஜெயில். அதே சர்க்கார்தான் காட்டுக்குள் குழி வெட்டி ஆனை பிடித்துக்கொண்டிருந்தது! அவர்கள் குழியில் விழுந்தால் வரும்படி, எங்கள் குழியில் விழுந்தால் குற்றம். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

திற்பரப்புக்கு மேலே, கோதையாற்றங்கரையில், ரிசர்வ் காட்டை ஒட்டி எங்களுக்கு மரச்சீனி விளை, மரவள்ளித் தோட்டம், இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டித் தின்று தீர்க்கிறதே என்று என் வீட்டுக்காரர் விளையோரத்தில் ஒரு குழி வெட்டி, மேலே ஓலையும் மண்ணும் பரப்பி வைத்திருந்தார். பன்றி ஒன்றும் விழவில்லை. ஒருநாள் விடியற்காலையில் ஆற்றைக் கடக்க வந்த ஆனைக்கூட்டத்தின் குட்டி விழுந்துவிட்டது.

குழி என் நெஞ்சளவு ஆழம். உள்ளே அது தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டு நின்றது. பிறந்து ஒரு மாதம் இருக்குமோ என்னவோ. நெற்றியிலும் காதிலும் கல் கிழித்து ரத்தம். தாய் அக்கரை ஈற்றை மூங்கில் காட்டுக்குள் நின்று பிளிறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, பக்கத்து விளையில போயி ஆளும் மம்பெட்டியுமா வாறேன். ஒரு பக்கத்தச் சரிச்சு விட்டா அதுவா ஏறிரும். நீ தொட்டுராத, கேட்டியா? மனுச மணம் பட்டா பெத்த தள்ள சேத்துக்கிடாது."

"நான் என்னத்துக்குத் தொடுதேன்?" என்றேன்.

தொட்டேன். அவர் தலை மறைந்ததும் குட்டி என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. பிள்ளைச் சத்தம்தான் அது, வேறென்ன சொல்ல. வீட்டுக்கு ஓடினேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று என் அம்மை தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தாள். எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்கு அந்த எண்ணெயும் பச்சை மஞ்சளும் தேய்த்துத்தான் குளிப்பாட்டுவோம். புண்ணுக்கும் அதுதான் மருந்து. கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்து, குழி விளிம்பில் ஒருக்களித்துப் படுத்து, கை எட்டிய இடமெல்லாம் பூசினேன். அது தும்பிக்கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டது. அந்த நேரம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்தால் அது பொய். பிறகுதான் பயம் வந்தது. மஞ்சள் தெரியாதபடி மண்ணை அள்ளி மேலே தேய்த்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் அவரும் வந்தவர்களும் மண்வெட்டியோடு இறங்கிக் குழியைச் சரித்துவிட்டார்கள். குட்டி ஏறி வந்தது. நாங்கள் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டோம். தாய் ஆற்றைக் கடந்து ஓடி வந்து, தும்பிக்கையால் குட்டியின் காலைத் தடவியது, வயிற்றைத் தடவியது. நெற்றிக்கு வந்ததும் நின்றுவிட்டது. மறுபடி மோந்து பார்த்தது. அப்புறம் தலையை உதறிப் பின்வாங்கி, வந்த வழியே தண்ணீரில் இறங்கிவிட்டது. குட்டி கரைவரைக்கும் ஓடி, ஆற்று ஒழுக்கின் வேகத்தைக் கண்டு நின்றது. "கர்த்தாவே, கூட்டிட்டுப் போவச் சொல்லும்" என்று வாய்விட்டு அழுதேன். கூட்டம் காத்திருக்கவில்லை.

குட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து பசும்பால் ஊற்றினோம். அதற்கு வயிறு போகத் தொடங்கியது. மறுநாள் காலையில் அவர் துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீய?"

"காட்டாபீசுக்கு. ஆனைக்காரங்க வந்தா பிழைக்கும்."

"கிறுக்கா உங்களுக்கு? பிடிச்சு உள்ள போட்டுருவானுவ. செத்தா குழிச்சு மூடிட்டுப் பேசாம இருப்போம்."

"அது சாவுததப் பாத்துட்டு இருக்கச் சொல்லுதியா?"

போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆபீசிலிருந்து ஆள் வர நாலு நாளாயிற்று. அதற்குள் குட்டி என் மடியில் தலை வைத்துச் செத்துப்போனது. வந்த ஃபாரஸ்ட் கார்டு எங்கள் வீட்டில் கிழங்கும் மீனும் தின்றவர்தான். "நீரா வந்து சொல்லிப்போட்டீரே ஓய்! இனி கேசு எழுதாம எனக்கு வழியில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார். எழுதினார்.

கோர்ட்டில், தாய் ஏன் குட்டியைச் சேர்க்கவில்லை, யார் தொட்டது என்று கேட்டார்களாம். "நாந்தான் தொட்டேன் ஏமானே" என்று இவர் சொன்னாராம். கூடப் போன பக்கத்து விளைக்காரர் வந்து சொன்னார். கேட்டதும் எனக்கு நெஞ்சு லேசாயிற்று. அவரும் தொட்டிருக்கிறார், பழி என் தலையில் மட்டும் இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதம் தண்டனை. பிள்ளை பிறந்தபோது அவர் ஜெயிலில் இருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நான் முற்றத்தில் காலை நீட்டி, பிள்ளையைக் கிடத்தி, எண்ணெயும் மஞ்சளும் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்து கறுத்துப் போயிருந்தார். குனிந்து பிள்ளையின் நெற்றியை மோந்தார். மோந்தவர் நிமிரவில்லை.

"இந்த மணந்தான்" என்றார். "குழிக்குள்ள இறங்குனப்பமே தெரிஞ்சுது."

"நீங்களுந்தான தொட்டீய? கோர்ட்டுல சொன்னீயளே?"

"நான் எங்க தொட்டேன்? மம்பெட்டியத்தான் தொட்டேன்."

என் கை பிள்ளையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தேயி ஏட்டி" என்றார். "பிள்ளைக்குக் குளிருது."