ஒரு நிமிஷம் முன்னாடி

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி லோகு சாப்பிட வந்தான். 'வந்தான்' என்றா சொன்னேன்? திருவள்ளூரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வாட்சைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"டேய், இன்னாடா வெயில்ல நின்னுகினு கீற? உள்ள வாயேன்!"

"ஒரு மணின்னு தானக்கா சொன்ன? இன்னும் ஆவல."

கூடப்பிறந்தவள் வீட்டுச் சாப்பாட்டுக்குமா நேரம் பார்ப்பார்கள்? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லோகுவுக்கு வார நாட்களில் தேர்வாய் கண்டிகையில் ஃபேக்டரி வேலை. லீவு போட்டு லீவு போட்டு, தேசிய கார் ராலி சாம்பியன்ஷிப்பில் நேவிகேட்டர். சென்னைப் பையன் தினேஷ் கார் ஓட்டுவான்; பக்கத்து சீட்டில் இவன், 'லெஃப்ட் வளைவு… அப்புறம் பள்ளம்' என்று கத்திக்கொண்டே போவான். அந்த சீட்தான் இவனுக்கு உலகம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட "நான் ராலி நேவிகேட்டர்" என்றுதான் ஆரம்பித்தான். பெண் வீட்டார் ஏதோ டிராவல்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டார்கள்.

போன சீசன் முழுக்க இவர்கள்தான் முன்னணி. கடைசி ரவுண்டு, கடைசி நாள் — வண்டியில் ஒரு கீறல் இல்லை.

ராலியில் ஒரு விதி உண்டு. காட்டுப் பாதையில் எவ்வளவு வேகமாகவும் பறக்கலாம். ஆனால் 'டைம் கன்ட்ரோல்' என்று வழியில் போட்டிருக்கும் மேஜைகளில், சொன்ன நிமிஷத்தில்தான் நேவிகேட்டர் தன் கார்டை நீட்ட வேண்டும். மேஜையில் இருப்பவர் அந்த நேரத்தை அதில் எழுதுவார். லேட்டாக நீட்டினால் ஓட்டிய நேரத்தோடு சில நொடி அபராதம் கூடும். சீக்கிரம் நீட்டினால்… அதைவிடப் பெரிய அபராதம்!

கடைசி மேஜையில் லோகு ஒரு நிமிஷம் முன்னாடி நீட்டிவிட்டான். சில நொடி வித்தியாசத்தில்தான் முன்னணியில் இருந்தார்கள். சாம்பியன்ஷிப் போச்சு.

"சீசன் பூரா கரெக்டா தானக்கா குட்த்தேன்? அன்னிக்கி முன்னாடி நின்ன வண்டி நவுந்ததும் கை தானா நீண்டுச்சி" என்றான்.

நீளாதா பின்னே? ஃபேக்டரி கேட்டில் ஒரு நிமிஷம் லேட்டானால் அரைநாள் சம்பளம் கட். ஸ்கூல் பெல், மின்சார ரயில், ரேஷன் கடை… பிந்தினால் தண்டனை என்றே பழகிய கை அது. முந்துவதும் குற்றம் என்று எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்?

தினேஷ் திட்டவில்லை. 'பரவால்ல ப்ரோ' என்றான். அதற்கப்புறம் போனே இல்லை. புது சீசன் இந்த மாதம் ஆரம்பம். சீட் உண்டா, இல்லையா? லோகு போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

ஞாயிறன்று ரசம் சாதத்தில் கை வைத்தபோது போன் அடித்தது. சோற்றுக் கையோடு பாய்ந்து எடுத்தான்.

"சார்… ஓ… சரி சார். வரேன் சார்."

தினேஷ் இல்லை, ராலி நடத்துபவர்களில் ஒருவர். தினேஷுக்கு வேறு நேவிகேட்டர் வந்தாயிற்றாம். டைம் கன்ட்ரோல் மேஜைக்கு ஆள் போதவில்லையாம், லோகு வந்து உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"அந்த மேஜைலயே போய் குந்தப்போறியா? ஏன்டா ஒத்துக்கின?" கத்திவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஊட்ல குந்திகினு இன்னா பண்றது? வண்டி சத்தமாச்சும் காதுல உழும்."

வழியனுப்பும்போது மனசு கேட்கவில்லை. "தினேஷ் வண்டி ஒரு நிமிஷம் முன்னாடி வந்து கார்ட நீட்னா இன்னாடா பண்ணுவ?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்தான்.

"'இரு ப்ரோ, இரு ப்ரோ'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். நீட்டிட்டா… எழுதித்தானக்கா ஆவணும்?"

இனி அவனை மணி சொல்லிக் கூப்பிடுவதாக இல்லை — பசித்தால் வாடா என்று சொல்லியிருக்கிறேன்.